பழைய இதழ்களையும் நாளிதழ்களையும் மேற்கோள் காட்ட எந்த முறை?

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களில் பலர் மேற்கோள் முறையைப் பற்றிக் கடைசி நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். எழுதி முடித்த பிறகு, அடிக்குறிப்பா அடைப்புக்குறியா, ஆண்டை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நூல்களை மட்டும் பயன்படுத்தியிருந்தால் எந்த முறையிலும் ஒப்பேற்றிவிடலாம். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்று வேண்டியதெல்லாம் நூலின் முதல் சில பக்கங்களிலேயே கிடைத்துவிடும். இதழ்க் கட்டுரையும் செய்தித்தாள் செய்தியும் அப்படியில்லை. ஆசிரியர் பெயர் இருக்காது, பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆண்டு தமிழ் ஆண்டாக இருக்கும். எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

துறையோ ஆய்விதழோ ஒரு முறையைக் கட்டாயமாக்கியிருந்தால் பேச்சே இல்லை, அதையே பின்பற்ற வேண்டும். தேர்வு நம் கையில் இருக்கும்போது என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பெரிதும் புழங்குபவை மூன்று. மொழி, இலக்கியத் துறையினர் கைக்கொள்ளும் எம்எல்ஏ முறையை அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வெளியிடுகிறது. அதன் கையேட்டின் 9ஆம் பதிப்பு 2021இல் வந்தது. சமூக அறிவியல், கல்வியியல், உளவியல் துறைகளில் ஏபிஏ. அது அமெரிக்க உளவியல் சங்கத்தினுடையது. 7ஆம் பதிப்பு 2019 இறுதியில் வெளிவந்தது. மூன்றாவது, சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 1906 முதல் வெளியிட்டுவரும் சிகாகோ கையேடு. அதன் 18ஆம் பதிப்பு 2024இல் வந்தது. சிகாகோவுக்குள்ளேயே இரண்டு வழிகள் உண்டு: ஒன்று அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும், இன்னொன்று அடைப்புக்குறிக்குள் ஆசிரியரும் ஆண்டும். இரண்டாவது வழி ஏபிஏவுக்கு நெருங்கிய உறவு என்பதால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. இனி சிகாகோ என்று நான் சொல்வது அடிக்குறிப்பு முறையை மட்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20ஆம் நூற்றாண்டின் தமிழ் இதழ்களும் நாளிதழ்களும் உங்கள் ஆய்வின் முதன்மைச் சான்றுகள் என்றால் சிகாகோ அடிக்குறிப்பு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கதை, கவிதை, நாவல்களே மையமாக இருந்து இதழ்கள் இடையிடையே வந்துபோனால் எம்எல்ஏ போதும். களஆய்வு, புள்ளிவிவரம், அண்மைக்கால ஆய்விதழ்கள் என்று போகிறவர்களுக்கு ஏபிஏதான் சரி. ஏன் என்பதை எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சிறுகதை மணிக்கொடி இதழில் 1934 மே 6 அன்று வெளிவந்தது. ஏபிஏவில் இதன் பட்டியல் பதிவு இப்படி வரும்:

புதுமைப்பித்தன். (1934, மே 6). பொன்னகரம். மணிக்கொடி.

எம்எல்ஏவில்:

புதுமைப்பித்தன். “பொன்னகரம்.” மணிக்கொடி, 6 மே 1934.

சிகாகோவில் அடிக்குறிப்பு:

1. புதுமைப்பித்தன், “பொன்னகரம்,” மணிக்கொடி, மே 6, 1934.

மூன்றிலும் பக்க எண்ணை விட்டிருக்கிறேன். இதழைக் கையில் வைத்திருப்பவர்தான் அதைச் சேர்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் நிறுத்தக்குறிகள் மட்டும் இடம் மாறியது போலத் தோன்றும். பத்திக்குள் வரும்போதுதான் வேறுபாடு தெரியும். ஏபிஏவில் வாசகர் பார்ப்பது (புதுமைப்பித்தன், 1934) என்பதை. எம்எல்ஏவில் (புதுமைப்பித்தன் 5) என்பது போல ஒரு பெயரும் பக்க எண்ணும் மட்டுமே இருக்கும். எந்தக் காலத்து எழுத்து என்ற விவரம்கூட அங்கே இல்லை. சிகாகோவில் அதே பக்கத்தின் அடியில் நாள் முதற்கொண்டு எல்லாம் கிடைக்கிறது.

ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பொறுத்தவரை மூன்றும் சமம்தான். ஏ. கே. ராமானுஜனின் புகழ்பெற்ற கட்டுரை ஒன்று 1989இல் ‘கான்ட்ரிபியூஷன்ஸ் டு இண்டியன் சோசியாலஜி’ இதழின் 23ஆம் தொகுதி, முதல் எண்ணில், 41 முதல் 58 வரையிலான பக்கங்களில் வந்தது. ஏபிஏ இதை 23(1), 41–58 என்று சுருக்கிவிடும். எம்எல்ஏ தொ. 23, எண் 1, 1989, பக். 41–58 என்று விரித்து எழுதும். சிகாகோ 23, எண் 1 (1989): 41–58 என்று இடையில் நிற்கும். டிஓஐ எண் (இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் நிரந்தர எண்) இருந்தால் மூன்றிலும் கடைசியில் சேரும். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை, நகர்ந்துவிடலாம்.

நாளிதழ்களுக்கு வருவோம். சுதேசமித்திரன் 1882இல் தொடங்கி 1899இல் நாளிதழானது. அந்தக் காலத்துத் தாள்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், பெரும்பாலான செய்திகளில் எழுதியவர் பெயர் இருக்காது. ஆசிரியர் இல்லாவிட்டால் தலைப்பை முன்னுக்குக் கொண்டுவா என்பது ஏபிஏவின் விதி, எம்எல்ஏவும் அப்படியே. விளைவு என்ன? ஐம்பது செய்திகளை எடுத்தாண்டால் அவை ஐம்பதும் துணைநூற்பட்டியலில் தலைப்பின் முதல் எழுத்தை வைத்து அ முதல் வ வரை சிதறிப்போகும். சுதேசமித்திரனிலிருந்து இந்த ஆய்வாளர் எவ்வளவு எடுத்திருக்கிறார், எந்த ஆண்டுகளைப் பார்த்திருக்கிறார், எவற்றைப் பார்க்கவில்லை என்பதை வாசகர் ஒரு பார்வையில் கணிக்க முடியாது. ஆய்வேட்டை மதிப்பிடுபவர் முதலில் தேடுவதே அதைத்தான். இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சில சின்னச் செய்திகளுக்குத் தலைப்பே கிடையாது, ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கும்.

சிகாகோ இதை எளிதாகத் தீர்க்கிறது. நாளிதழ்ச் செய்திகளை அடிக்குறிப்பிலேயே முழு விவரத்தோடு கொடுத்துவிட்டு, துணைநூற்பட்டியலில் தனித்தனியாகச் சேர்க்காமல் விடலாம் என்கிறது. அப்புறம் பட்டியலில் ‘நாளிதழ்கள்’ என்று ஒரு பிரிவு வைத்து, தாளின் பெயரையும் பார்த்த ஆண்டுகளையும் மட்டும் போட்டால் போதும். ஐம்பது பதிவுகள் செய்ய வேண்டிய வேலையை ஒரே வரி செய்துவிடுகிறது.

அடுத்து, ஒரே ஆள் ஒரே ஆண்டில் நிறைய எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். குடிஅரசு வார இதழாக 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கியது. அதில் பெரியார் ஒரே ஆண்டில் எழுதியவற்றை எடுத்தாளும் ஆய்வு ஏபிஏ முறையில் இருந்தால் 1931அ, 1931ஆ, 1931இ என்று போக வேண்டும். பன்னிரண்டு உயிரெழுத்தும் தீர்ந்துவிடும், கட்டுரைகள் தீராது. அதைவிடப் பெரிய இழப்பு, (பெரியார், 1931ஒ) என்று படிக்கும் வாசகருக்கு அது எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்பது தெரியாமல் போவது. அரசியல் வரலாற்றில் மார்ச்சில் சொன்னதும் அக்டோபரில் சொன்னதும் ஒன்றல்ல. நடுவில் ஒரு மாநாடோ ஒரு கைதோ நடந்திருக்கலாம். நாள் முக்கியமான ஆய்வில் நாளை மறைக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது வாதத்தையே பலவீனமாக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே வரலாற்று மாணவர்களிடம் ஏபிஏ வேண்டாம் என்று சொல்வேன்.

பக்க எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய தமிழ் நாளிதழ்கள் ஊர்வாரியாகப் பல பதிப்புகளாக அச்சாகின்றன. மதுரைப் பதிப்பில் மூன்றாம் பக்கத்தில் வரும் செய்தி சென்னைப் பதிப்பில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கலாம், இல்லாமலே போகலாம். நாளிதழுக்குப் பக்க எண்ணை விட்டுவிடலாம் என்று சிகாகோ சொல்வது இதனால்தான். எம்எல்ஏ எந்தப் பதிப்பு என்று குறிக்க இடம் தருகிறது. தமிழுக்கு இரண்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்: பதிப்பின் ஊரைக் கட்டாயம் போடுங்கள், அந்தப் பதிப்பின் பக்க எண் தெரிந்தால் அதையும் போடுங்கள். ஊர் இல்லாத பக்க எண்ணால் யாருக்கும் பயன் இல்லை.

ஊர்ப்பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். தினகரன் என்ற பெயரில் இரண்டு நாளிதழ்கள் இருக்கின்றன. ஒன்று கொழும்பில் லேக் ஹவுஸ் நிறுவனம் 1932இல் தொடங்கியது. மற்றது தமிழ்நாட்டில் 1977இல் தொடங்கியது. ஈழத்து இலக்கிய விவாதங்களைப் பற்றிய கட்டுரையில் வெறுமனே ‘தினகரன்’ என்று போட்டால், தமிழ்நாட்டு வாசகர் தவறான தாளைத் தேடிப் போவார். எம்எல்ஏவில் தாளின் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குள் ஊரைச் சேர்க்கலாம், சிகாகோவில் பிறை அடைப்புக்குள். ஏபிஏ பதிவில் ஊர் வழக்கமாக வராது. தினகரன் (கொழும்பு) என்று எழுத ஒரு விநாடி போதும். முறை எதுவானாலும் இதைச் செய்துவிடுங்கள்.

பழைய தமிழ் ஆய்விதழ்களை எடுத்தால் எந்தக் கையேட்டிலும் இல்லாத சிக்கல் ஒன்று வரும். தொகுதிக்கும் எண்ணுக்கும் ஒவ்வோர் இதழும் தனக்கென்று பெயர் வைத்திருந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ தொகுதி, பகுதி என்று எண்ணிக்கொண்டது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ இதழில் துணர், மலர். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் ‘செந்தமிழ்ச் செல்வி’ சிலம்பு, பரல் என்று போட்டது. பொதுவழக்கான மலர், இதழ் வேறு. தமிழ்ப் பொழிலில் எண்ணைக் குறிக்கும் ‘மலர்’ வேறோர் இதழில் தொகுதியைக் குறிக்கும் என்பதால், வெறும் ‘மலர் 4’ என்று எழுதினால் படிப்பவர் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஏபிஏவுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும். 25ஆம் சிலம்பு, 3ஆம் பரல் என்று வைத்துக்கொள்வோம். ஏபிஏ அதை 25(3) என்று எழுதிவிடும், பெயர்ச் சிக்கலே எழாது. ஆனாலும் எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. நூலகத்தில் இதழைக் கேட்டு வாங்குபவர் முகப்பில் காணப்போவது சிலம்பு, பரல் என்ற சொற்களைத்தான். அதனால் எம்எல்ஏவிலோ சிகாகோவிலோ எழுதும்போது இதழில் உள்ள சொல்லையே வைத்து ‘செந்தமிழ்ச் செல்வி, சிலம்பு 25, பரல் 3’ என்று கொடுங்கள். எல்லாவற்றையும் தொகுதி, எண் என்று மாற்றுவதாக இருந்தால் முன்னுரையில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள்.

தமிழ் ஆண்டு இதைவிட வம்பு. பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 என்று அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆண்டு சித்திரையில் பிறப்பதால், ‘பிரபவ தை’ என்று அச்சான இதழ் 1927ஐச் சேர்ந்த சுற்றில் இருந்தால் அது ஆங்கில நாள்காட்டிப்படி 1928 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. அட்டவணையைப் பார்த்து அவசரமாக 1927 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. ஒரு முழு ஆண்டு பிசகிவிடும். திருவள்ளுவர் ஆண்டு போட்ட இதழ்களுக்கு 31ஐக் கழிக்க வேண்டும். இதழில் அச்சானதை முதலில் அப்படியே எழுதி, நீங்கள் கணக்கிட்டதைச் சதுர அடைப்புக்குள் தருவதுதான் நேர்மையான வழி: பிரபவ, தை [1928 ஜனவரி–பிப்ரவரி]. கணக்கு தவறாகவே இருந்தாலும் பின்னால் வருபவர் திருத்திக்கொள்ள மூலம் இருக்கும். அடிக்குறிப்பில் இதற்கு இடம் தாராளம். ஏபிஏவின் ஆண்டு அடைப்புக்குள் இதைத் திணித்தால் பார்க்கவே கண்றாவியாக இருக்கும்.

பெயர்களில் பெரிய பிரச்சினை இல்லை. நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கிறது. மேற்கத்திய முறைப்படி கடைசிப் பெயரை முன்னால் கொண்டுவரும்போது வேங்கடாசலபதி, ஆ. இரா. என்று தானாகவே சரியாக விழுகிறது. பழைய பெயர்களில் மட்டும் கவனம் தேவை. எஸ். வையாபுரிப்பிள்ளையைப் ‘பிள்ளை, எஸ். வையாபுரி’ என்று பகரத்தில் வைத்தால் தமிழ் வாசகர் யாரும் அங்கே போய்த் தேடமாட்டார்கள். வகரத்தில்தான் இருக்க வேண்டும். புனைபெயரை இதழில் உள்ளபடியே எழுதுங்கள். சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரைத் தரவேண்டும் என்றால் அடைப்புக்குள் சேர்க்கலாம், பதிவு புதுமைப்பித்தன் என்றே தொடங்கட்டும்.

எம்எல்ஏ மற்ற இரண்டையும் முந்தும் இடம் ஒன்று உண்டு. 2016இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து அது வகைவாரியான விதிகளைக் குறைத்து, ஆசிரியர், தலைப்பு, அது இடம்பெற்ற தாய்வெளியீடு, எண், நாள், இடம் முதலிய ஒன்பது உறுப்புகளாக எல்லாவற்றையும் பார்க்கிறது. ஒரு தாய்வெளியீட்டை இன்னொன்றுக்குள் வைக்கலாம். இன்று பழைய இதழ்களைப் பெரும்பாலும் எங்கே படிக்கிறோம்? ஈழத்து ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையதளத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், அல்லது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கே போய் நுண்படத்தில். கட்டுரை இதழுக்குள், இதழ் மின்னூலகத்துக்குள் என்ற இரண்டு அடுக்கையும் எம்எல்ஏ இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது. நூலகம் தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் உண்டு. அதைப் போட்டுவிட்டால் தேடும் வேலை மிச்சம். சிகாகோவிலும் குறிப்பின் இறுதியில் இதைச் சேர்க்க முடியும், நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதோடு ஒட்டிய ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘பொன்னகரம்’ கதையைத் தொகுப்பு நூலில் படித்துவிட்டு ‘மணிக்கொடி, 6 மே 1934’ என்று மேற்கோள் காட்டுவது நம்மிடையே சர்வசாதாரணம். இதழைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் அப்படிச் செய்யக் கூடாது. இதழில் வந்த வடிவத்துக்கும் தொகுப்பில் வந்த வடிவத்துக்கும் இடையே பாடம் மாறியிருக்கலாம், நாளே தவறாகவும் இருக்கலாம். அந்தத் தவறு ஓர் ஆய்வேட்டிலிருந்து இன்னோர் ஆய்வேட்டுக்குத் தாவிக்கொண்டே போகும். பார்த்தது தொகுப்பு என்றால் தொகுப்பையே குறிப்பிட்டு, முதலில் மணிக்கொடியில் வந்ததாகத் தொகுப்பு சொல்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அடிக்குறிப்பில் இப்படி ஒரு வாக்கியம் எழுத முடிகிறது என்பதும் நான் சிகாகோ பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம்.

ஏபிஏவைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பள்ளிக் கல்வி பற்றியோ ஊடகப் பயன்பாடு பற்றியோ எழுதுபவருக்கு, எந்த ஆண்டின் ஆய்வு என்பதைப் பத்திக்குள்ளேயே காட்டுவது அவசியம். 2009க்கும் 2022க்கும் இடையில் முடிவுகள் மாறியிருக்கும். அங்கே (ஆசிரியர், ஆண்டு) என்பதுதான் வாசகர் வேண்டுவது. சான்றுகளில் பெரும்பகுதி பெயர் போட்டு வந்த ஆய்விதழ்க் கட்டுரைகள் என்பதால், மேலே சொன்ன தொல்லைகள் அங்கே தலைகாட்டா.

இணையத்தில் வரும் நாளிதழ்ச் செய்திகளுக்கு மூன்று முறைகளும் ஏறத்தாழ ஒன்றே: எழுதியவர், தலைப்பு, தாள், நாள், முகவரி. பார்த்த நாளை ஏபிஏ, மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் கேட்கிறது. எம்எல்ஏ விருப்பத்துக்கு விடுகிறது. தமிழ்ச் செய்தித் தளங்களில் பழைய முகவரிகள் செத்துப்போவது அடிக்கடி நடப்பதால், எந்த முறையானாலும் பார்த்த நாளைப் போடுவது நல்லது. இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு படி சேமித்து அந்த முகவரியையும் கொடுத்தால் இன்னும் நல்லது. தமிழ் எழுத்துகள் உள்ள முகவரியை நகலெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் கலந்த நீண்ட வால் வரும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாகிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள் கொண்ட ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 எழுத்துகள். செய்தியின் எண்ணோடு முடியும் சுருக்க முகவரியைத் தளம் தந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்குறிப்பு முறைக்கு மாறுபவர்கள் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும். முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதற்கு நம் ஆய்வேடுகளில் ‘மேலது, ப. 45’ என்று எழுதுவது வழக்கம். திருத்தும்போது நடுவில் ஒரு குறிப்பைச் சேர்த்தாலோ பத்தியை இடம் மாற்றினாலோ மேலது வேறு எதையோ சுட்டத் தொடங்கிவிடும், யார் கண்ணிலும் படாது. சிகாகோ கையேடே 17ஆம் பதிப்பிலிருந்து மேலதுக்குப் பதில் சுருக்கக் குறிப்பை விரும்புகிறது: புதுமைப்பித்தன், “பொன்னகரம்.” நாளிதழ் என்றால் தாளின் பெயரும் நாளும்.

சாய்வெழுத்து விஷயத்தில் கையேட்டை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. மூன்று முறைகளும் இதழ்ப் பெயரைச் சாய்வெழுத்தில் கேட்கின்றன. பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வு தனியாக வடிவமைக்கப்படாமல் கணினியே நேர் எழுத்தைச் சரித்துக் காட்டுவதால் படிக்கச் சிரமம். தடித்த எழுத்தோ ஒற்றை மேற்கோள்குறியோ போட்டு, தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத் தலைப்புகளில் எதைப் பெரிய எழுத்தாக்குவது என்ற விதிகளுக்குத் தமிழில் வேலையே இல்லை.

கருவி என்று பார்த்தால், மேற்கோள்களைத் தொகுத்துத் தரும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம். மூன்று முறைகளுக்கும் அதில் வார்ப்பு இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தே முடிவெடுக்கலாம். புதுமைப்பித்தன், கல்கி போன்ற பெயர்களை இரண்டு பெட்டியாகப் பிரிக்காமல் ஒரே பெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்புள்ளிகள் தாறுமாறாக விழும். எந்த மென்பொருளில் பட்டியலைத் தயாரித்தாலும் அகரவரிசையை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும். யூனிகோடு எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்தே வருகிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து. அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் கந்தசாமி, கனகசபை, கமலா என்று வரும். தமிழ் நெடுங்கணக்குப்படி கந்தசாமி, கமலா, கனகசபை என்றிருக்க வேண்டும். புள்ளி எழுத்துகளும் உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடும். எல்லாத் திருத்தமும் முடிந்து பட்டியல் இனி மாறாது என்ற நிலைக்கு வந்த பிறகு இதைச் செய்யுங்கள்.